சாரம் கட்டிக்கொண்டு பின் சீட்டில்

பில் போடும் மேசைக்கு மேலே மாட்டியிருக்கும் படங்களில் இடதுபக்கம் மூன்றாவதைப் பாருங்கள். சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக், ஹேண்டிலில் மாலை, முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், பக்கத்தில் சிரித்துக்கொண்டு ஒரு கணவன் மனைவி. சாவியை நீட்டிக்கொண்டு நிற்பவன் நான். அப்போது தலையில் முடி இருந்தது. இந்தத் தொழிலில் நான் செய்த பெரிய பிழை அந்தப் படத்திலேயே இருக்கிறது. எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தும் அன்றைக்கு என் கண்ணில் படவில்லை.

புதிதாகச் சேர்ந்திருக்கும் நாலு பேருக்கும் நல்ல வார்த்தையாக ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் கிளைப் பொறுப்பாளர் கேட்டார். நல்ல வார்த்தை எழுத எனக்கு வராது. இந்த ஹட்டன் ஷோரூமில் இருபத்திரண்டு வருஷம் பைக் விற்றேன், அதில் தப்பாக விற்ற ஒன்றைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றேன். அவர் முகம் கொஞ்சம் கோணியது. வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

நாட்டில் வாகன இறக்குமதியே நின்றுபோய், கண்ணாடிக்குப் பின்னால் ஹெல்மெட்டும் டயரும் மட்டும் அடுக்கி வைத்திருந்த காலத்தில் நான் ஓய்வு பெற்றேன். இப்போது மறுபடியும் புது பைக்குகள் மலை ஏறி வரத் தொடங்கிவிட்டன. இத்தனை காலம் காத்திருந்த சனம் கையில் காசோடும் மனதில் ஆசையோடும் கதவைத் தள்ளிக்கொண்டு வரும். இந்த நேரத்தில்தான் விற்கிறவன் புத்தி மழுங்கும். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

உங்களுக்குக் கொடுத்திருக்கும் கையேட்டை நானும் வாங்கிப் படித்தேன். நேக்கட் பைக் என்றால் எஞ்சின் வெளியே தெரியும், ஹேண்டில் உயரமாகவும் அகலமாகவும் இருக்கும், நிமிர்ந்து உட்காரலாம், சீட் ஒரே நீளமாக இருக்கும். ஸ்போர்ட்ஸ் என்றால் முன்பக்கத்தைப் பிளாஸ்டிக் கவசம் மூடியிருக்கும், ஹேண்டில் தாழ்ந்திருக்கும், குனிந்து ஓட்ட வேண்டும், பின் சீட் தனியாக மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். எஞ்சின் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ‘சௌகரியம்’ என்ற கட்டத்தில் நேக்கட்டுக்கு நாலு நட்சத்திரமும் ஸ்போர்ட்ஸுக்கு மூன்றும் போட்டிருக்கிறார்கள். போட்டவர் யாரோ தெரியாது. யாராக இருந்தாலும் நோர்வுட் பக்கத்திலிருந்து பொகவந்தலாவைக்குப் பின் சீட்டில் போனவராக இருக்க முடியாது.

படத்தில் இருப்பவர் யோகராஜ். நோர்வுட்டைத் தாண்டி ஒரு தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் எலக்ட்ரீஷன். பக்கத்தில் நிற்பது மனைவி புஷ்பலதா. கொழுந்து பறித்த அம்மாவுக்கு லயத்து வரிசை வீட்டில் பிறந்து, படித்து, ஆசிரியர் நியமனம் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை அப்போது. போட்ட இடம் பொகவந்தலாவை பஜாருக்கு மேலே, மலை உச்சியில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடம். வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை. பாட்டி பார்த்துக்கொள்கிறார். காலை ஏழரைக்குப் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. அதற்காகத்தான் பைக்.

“காலையில இவங்கள ஸ்கூல்ல விட்டுட்டு நான் ஃபெக்டரிக்கு வரணும் சார். டெய்லி ரெண்டு பேரும் போற பைக்கு,” என்றார் யோகராஜ்.

சொன்னது அவர். காதில் வாங்காதது நான். அவருடைய கண் சிவப்பு பைக்கை விட்டு நகரவே இல்லை. என் கண் அவருடைய கண்ணை விட்டு நகரவில்லை. சம்பளம் போட்ட அடுத்த ஞாயிறு, ஷோரூம் நிறைய ஆள். அந்தச் சிவப்பு பைக் இரண்டு மாதமாக அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

“டீச்சர், நீங்களும் பின்னாடி ஏறி உக்காந்து பாருங்க,” என்றேன். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்ட பெருமை வேறு. அவர் சுரிதார் போட்டிருந்தார். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தார். பைக் பளபளக்கும் தரையில், ஸ்டாண்டில், அசையாமல் நின்றது.

“எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு சார்.”

மாலை போட்டோம், எலுமிச்சம்பழம் வைத்தோம், படம் எடுத்தோம். மறுநாள் திங்கட்கிழமை அவர் பள்ளிக்கூடத்துக்குச் சேலை கட்டிக்கொண்டு போக வேண்டியவர் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நம் ஊரில் டீச்சர் என்றால் சேலை. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சுரிதாரில் வந்தவரை அப்படியே நம்பி, திங்கள் முதல் வெள்ளி வரைக்குமான பைக்கை விற்றுவிட்டேன். நான் செய்த பிழை அதுதான்.

மூன்று வாரம் கழித்து ஒரு பிற்பகல். நல்லதண்ணியில் கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பி இரண்டு பேர் அதே மாடல் ஸ்போர்ட்ஸ் பைக்கை ஏறி இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன்காரர் ஏறக்குறைய சரி என்று சொல்லிவிட்டார். அந்த நேரம் புஷ்பலதா டீச்சர் தனியாக உள்ளே வந்தார். பஸ்ஸில் வந்திருந்தார். சேலைக் கரையில் கிழிசல், தைத்த தடம் தெரிந்தது. நடையில் ஒரு இழுப்பு இருந்தது.

“சார், அந்த பைக்குல என்னால போக முடியல. ரெண்டு வாரம் பல்ல கடிச்சிக்கிட்டு போனேன். போன வாரம் வளைவுல சறுக்கி விழுந்துட்டேன். இப்ப பஸ்ஸுல போறேன், டெய்லி லேட்டு,” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் ஷோரூமில் எல்லோருக்கும் கேட்டது.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். “டீச்சர், வாங்க, ஆபீசுக்குள்ள போய் பேசிக்கலாம்,” என்றேன்.

“உள்ள எதுக்கு சார்? பைக்க இங்க வச்சித்தானே வித்தீங்க.”

இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். அப்போது வாயில் முதலில் வருவதைச் சொல்லாதீர்கள். நான் சொன்னேன். பைக்கில் குறை இல்லை, பழகினால் சரியாகிவிடும், ஓட்டுகிறவர் மெதுவாக ஓட்ட வேண்டும் என்று மூன்று வாக்கியத்தில் பழியை அவர்கள் இருவர் மேலேயும் தள்ளிவிட்டேன். வீட்டுக்காரரையும் விடவில்லை, அவரையும் விடவில்லை. என்னை மட்டும் விட்டுவிட்டேன்.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: “சரிங்க சார். நாளைக்கு காலையில ஆறே முக்காலுக்கு எங்க வீட்டுக்கு வாங்க. என் எடத்துல நீங்க உக்காந்து ஸ்கூல் வரைக்கும் போங்க. காற்சட்ட போட்டுக்கிட்டு வராதீங்க, சாரம் கட்டிக்கிட்டு வாங்க. ஒரு பக்கமாத்தான் உக்காரணும். என் பையும் உங்க கூட வரும். போய் எறங்கி, நல்லா இருக்குன்னு நீங்க சொன்னா நான் வாய தொறக்க மாட்டேன்.”

தம்பிக்காரர் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், நியாயம் பார்த்து நான் சரி என்று சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் ஒரு பெண் சவால் விட்டுவிட்டாரே என்ற ரோசத்தில்தான் சொன்னேன். போய்க் காட்டிவிட்டு வந்து, இந்த அண்ணன் தம்பிக்கே பைக்கை விற்கிறேன் பார் என்று மனதுக்குள் கருவிக்கொண்டேன். அவர்கள் அன்றைக்கு வாங்காமலே போய்விட்டார்கள்.

மறுநாள் காலை என் பைக்கில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அப்போது என்னிடம் இருந்தது நேக்கட், வாங்கி ஒரு வருஷம் ஆகவில்லை. மழை பெய்து விட்டிருந்தது. இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த வெள்ளைக் கோடு போட்ட நீலச் சாரத்தையும் என் தலையில் ஹெல்மெட்டையும் பார்த்து யோகராஜின் அம்மா குழந்தையோடு உள்ளே போய்விட்டார். சிரிப்பை மறைக்கத்தான் போனார். புஷ்பலதா டீச்சர் தன் பையை என் கையில் கொடுத்தார். பிள்ளைகள் எழுதிய கொப்பிகள் நிறைந்த பை, கனமாக இருந்தது. “நான் பஸ்ஸுக்கு போறேன். ஸ்கூல்ல பாப்போம் சார்,” என்று இறங்கி நடந்தார்.

பின் சீட்டில் ஏறுவதே பெரும்பாடு. சீட் பேக்கரியில் வாங்கும் ஒரு பாண் அளவுதான் இருந்தது, அதுவும் முன்பக்கமாகச் சரிந்திருந்தது. உட்கார்ந்ததும் என் தலை யோகராஜின் தலைக்கு மேலே நின்றது. ஒரு காலுக்கு மட்டும் மிதி இருந்தது, அதுவும் உயரத்தில், முழங்கால் வயிற்றை நோக்கி மடங்கும்படி. மற்றக் கால் தொங்கியது. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. ஒரு கை பையைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை அவருடைய தோளைப் பிடிக்க வேண்டும். சாரம் காற்றில் எழும்பிச் சக்கரத்துப் பக்கம் போனால் அதைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். என்னிடம் இருந்தது இரண்டுதான்.

வீட்டிலிருந்து பெரிய ரோட்டுக்கு இறக்கம். கொங்கிறீட் பெயர்ந்து கல் துருத்திக்கொண்டிருக்கும் ரோடு. இறங்கத் தொடங்கியதும் நான் வழுக்கினேன். வழுக்கி யோகராஜின் முதுகில் போய் அழுந்தினேன். என் பாரமும் அவர் பாரமும் கொப்பிப் பையின் பாரமும் சேர்ந்து அவருடைய மணிக்கட்டு இரண்டிலும் இறங்கின. தாழ்ந்த ஹேண்டில், குனிந்த முதுகு, இறக்கமான ரோடு. மூன்றும் ஒன்றாகச் சேரும்போது பாரம் போவதற்கு வேறு இடம் இல்லை. இதை நான் ஆயிரம் பேருக்கு விளக்கி விற்றிருக்கிறேன், ஒரு நாளும் என் உடம்பால் அறிந்ததில்லை.

முதல் வளைவில் நான் சத்தம் போட்டேன். அவர் நிறுத்தினார். இறங்கி நடந்தேன். வளைவு தாண்டி ஏறினேன். அடுத்த வளைவிலும் அப்படித்தான். பெரிய ரோட்டுக்கு வந்ததும் யோகராஜ் ஒரு கையை எடுத்து உதறினார்.

“என்ன யோகராஜ்?”

“கை மரத்துப் போச்சு சார். டெய்லி இப்படித்தான். அன்னைக்கு அவங்க விழுந்தப்ப பிரேக் புடிச்ச மாதிரியே எனக்கு தெரியல. விரல்ல உணர்ச்சியே இல்ல.”

“இத ஏன் வந்து சொல்லல?”

“என்னான்னு சார் சொல்றது? ஆசப்பட்டு கேட்டு வாங்கினவன் நானு.”

நாலாவது தடவை நான் இறங்கி ரோட்டோரத்தில் சாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு நின்றபோது பஸ் எங்களைத் தாண்டிப் போனது. பஸ் நிறையப் பள்ளிப் பிள்ளைகள், கொழுந்துக்குப் போகும் பெண்கள். எல்லோரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஜன்னலோரம் புஷ்பலதா டீச்சர் இருந்தார். அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

பஜாரைத் தாண்டிப் பள்ளிக்கூடம் வரைக்கும் ஏற்றம். ஏற்றத்தில் பின்பக்கமாக விழுந்துவிடுவேனோ என்று யோகராஜின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். கேட்டில் இறங்கியபோது இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. ஏழு முப்பத்தைந்து.

அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த மனிதர். அலுவலக வாசலில் நின்று என் சாரத்தையும் ஹெல்மெட்டையும் கையில் இருந்த பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீர் ஆர்?”

“புஷ்பலதா டீச்சருக்கு பைக் வித்தவங்க சார்.”

“அப்ப அவ எங்க?”

“பஸ்ஸுல வர்றாங்க.”

“பைக்கை வித்த நீர் பைக்கில வாறீர். வாங்கின பிள்ளை பஸ்ஸில வருது. நல்ல வியாபாரம்.”

மேசையில் வரவுப் புத்தகம் விரித்திருந்தது. ஏழரைக்கு அடிமட்டம் வைத்து அவர் கீறிய சிவப்புக் கோடு இன்னும் ஈரமாகத்தான் இருந்திருக்கும். நம் பள்ளிக்கூடங்களில் இந்த வழக்கத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். நேரத்துக்கு வந்தவர்களின் கையெழுத்து கோட்டுக்கு மேலே, பிந்தி வந்தவர்களின் கையெழுத்து கோட்டுக்குக் கீழே. பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். நாள்தோறும் கோட்டுக்குக் கீழே ஒரே ஒரு கையெழுத்து. பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டுவதற்காகப் பழகிய, வடிவான, உருண்டையான எழுத்து.

“கோடு கீற எனக்கும் விருப்பமில்லை, ஐசே. நல்லாப் படிப்பிக்கிற பிள்ளை. ஆனா நியமனத்தை நிரந்தரமாக்கேக்க வரவைப் பற்றி நான் எழுதித்தான் ஆகோணும். பொய் எழுத மாட்டன். கிட்ட வந்து குவார்ட்டர்ஸில இரும் எண்டு சொல்லிப் பாத்தன். கைக்குழந்தையை விட்டிட்டு எப்பிடி இருக்கிறது எண்டு கேக்கிறா. அதுவும் நியாயம்தானே.”

அவர் சொல்லி முடிக்கும்போது புஷ்பலதா டீச்சர் வந்தார். பஜாரில் இறங்கித் தேயிலைக்குள்ளே குறுக்குப் பாதையில் ஓடி வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது. சேலையில் முழங்கால் வரைக்கும் ஈரம். என்னைப் பார்த்தார். பேனாவை எடுத்துச் சிவப்புக் கோட்டுக்குக் கீழே தன் பெயரை எழுதினார். என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

‘நல்லா இருக்கா’ என்று அவர் என்னைக் கேட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது. ஒரு தலைமுறை கூடை சுமந்து படிக்க வைத்த வேலை அது. ஒன்று வேலையை விட வேண்டும், இல்லையென்றால் பிள்ளையை விட்டு இருக்க வேண்டும். அந்த இடத்தில் அவரைக் கொண்டுவந்து நிறுத்தியது என் வாய்ச் சாமர்த்தியம். அழுகை வரும்போல் இருந்தது. சாரம் கட்டிக்கொண்டு வேற்று ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நின்று அழ வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டேன்.

கேட்டில் நின்ற யோகராஜிடம் சொன்னேன்: “வீட்டுக்கு போனதும் என் பைக்க நீங்க எடுத்துக்குங்க. இத நான் எடுத்துக்கிறேன்.”

“என்ன சார் சொல்றீங்க?”

“சொன்னது கேட்டுச்சுதானே.”

அவர் பைக்கின் டேங்கைத் தடவிக்கொண்டு நின்றார். “எங்க அப்பாகிட்ட ஒரு சைக்கிள் கூட இருந்ததில்ல சார். இதுல நான் ஃபெக்டரிக்கு போய் எறங்கினப்ப எல்லாரும் வெளிய வந்து பாத்தாங்க.”

“அந்த ஆசைய பாத்துத்தான் நானும் வித்தேன். தப்பு என்னோடது. நாளைக்கு ஏழரைக்கு அவங்க பேரு கோட்டுக்கு மேல இருக்கணும். நாளைக்கே இருக்கணும்.”

திரும்பி வந்ததும் யோகராஜ் வீட்டு வாசலில் இறங்கி, சட்டை நுனியால் கண்ணாடியையும் டேங்கையும் துடைத்தார். பிறகு சாவியைக் கழற்றித் தந்தார். வாங்கிக்கொள்ள எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. காகித வேலைகளை அடுத்தடுத்த வாரங்களில் முறைப்படி முடித்தோம்.

அன்றைக்கு எங்கள் மெனேஜர் சிங்களத்தில் என்னைத் திட்டிய திட்டு ஷோரூம் தாண்டிக் கேட்டது. ‘ஒயாட்ட பிஸ்ஸுத?’ என்று தொடங்கினார், உனக்கென்ன பைத்தியமா என்று. விற்ற சாமானின் பின்னால் போக ஆரம்பித்தால் கடை நடத்த முடியாது என்றார். கடையின் பைக்கை நான் மாற்றிக் கொடுக்கவில்லை, என் சொந்த பைக்கைத்தான் மாற்றினேன், அதற்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்றேன். அவர் என்னை முறைத்துவிட்டு, சாரத்தையாவது மாற்றிக்கொண்டு வா என்றார்.

மறுநாள் காலை ஏழரை ஆகும் முன்பே என் போன் அடித்தது. யாழ்ப்பாணத்துக் குரல். “கோட்டுக்கு மேலை வைச்சிட்டா,” என்று சொல்லி உடனே வைத்துவிட்டார். அந்த அழைப்பை எந்த விற்பனைப் பரிசோடும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

இதோடு நிறுத்தினால் நேக்கட்தான் நல்லது, ஸ்போர்ட்ஸ் கெட்டது என்று எழுதி வைத்துக்கொள்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால் இரண்டாவது தடவையும் சறுக்கினேன். நல்லதண்ணி அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரு மாதம் கழித்து மறுபடியும் வந்தார்கள். என்னைப் பற்றிய கதை அங்கேயும் போயிருந்தது, சாரம் எங்கே என்று தம்பிக்காரர் கேட்டார். அண்ணன்காரர் அப்போதும் ஸ்போர்ட்ஸ்தான் வேண்டும் என்றார். நான் விடவில்லை. ஒரு மணி நேரம் நின்று, மணிக்கட்டு, முதுகு, இறக்கம் என்று பாடம் நடத்தி, நேக்கட்டை அவர் தலையில் கட்டி அனுப்பினேன். திருந்திவிட்டேன் என்ற பெருமிதம் எனக்கு.

இரண்டு மாதத்தில் திரும்பி வந்தார். நெஞ்சில் பொலித்தீன் உறையைச் சுற்றி, அதன் மேலே ஜேர்சி போட்டிருந்தார். “சார், என் பின்னாடி யாருமே உக்கார்றது இல்ல. கடைக்கு சாமான் எடுக்க விடியக்காலம் தனியாத்தான் ஹட்டனுக்கு வர்றேன். காத்தும் மழையும் நெஞ்சுலயே அடிக்குது. முட்டி ரெண்டும் வெறைச்சிப் போகுது. அந்த பைக்குல முன்னுக்கு மூடி இருந்துச்சே, அதுக்காகத்தானே அத கேட்டேன்,” என்றார்.

அதற்குள் நானும் சிவப்பு பைக்கில் தினம் போய் வந்துகொண்டிருந்தேன். அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று என் முழங்காலுக்குத் தெரியும். தனியாகப் போகும்போது அந்தப் பிளாஸ்டிக் கவசம் மழையை எவ்வளவோ தடுக்கிறது. ஏற்றத்தில் குனிந்து உட்கார்ந்தால் பாரம் முன்னால் போய் முன் சக்கரம் நன்றாகப் பிடிக்கிறது. இறக்கத்தில் மணிக்கட்டு வலிக்கிறது, தொடையால் டேங்கை இறுக்கிக்கொள்ளக் கற்றுக்கொண்டால் பாதி வலி குறைகிறது. லயத்துச் சந்துக்குள் திருப்பும்போது மட்டும் ஹேண்டில் போதாமல் இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது. நேக்கட்டை ஒரே வீச்சில் திருப்பிவிடலாம். இதெல்லாம் தெரிந்திருந்தும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நானே முடிவெடுத்துவிட்டேன். முதல் தடவை ஆசைக்கு விற்றேன், இரண்டாவது தடவை என் புத்திசாலித்தனத்துக்கு விற்றேன். இரண்டு தடவையும் பைக்கில் போகிறவரைக் கேட்கவில்லை.

சௌகரியம் பைக்கில் இல்லை. பின்னால் யார் உட்கார்கிறார், என்ன உடுத்திக்கொண்டு உட்கார்கிறார், மடியில் என்ன இருக்கிறது, காலையில் போகும் ரோடு ஏறுகிறதா இறங்குகிறதா, மழைக்கு முன்னா பின்னா, இதில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் யாருக்கும் ஷோரூம் தரையில் வைத்து பைக்கை முடிவு செய்து கொடுத்ததில்லை. சேலையில் போகிறவரைச் சேலையில் வரச் சொன்னேன். குழந்தையோடு போகிறவரைக் குழந்தையோடு வரச் சொன்னேன். பலர் எரிச்சல்பட்டார்கள், சிலர் வேறு கடைக்குப் போனார்கள். மெனேஜர் பல்லைக் கடித்தார். நான் மாற்றிக்கொள்ளவில்லை. நீங்களும் மாற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனையும் எழுதியிருக்கிறேன்.

சிவப்பு பைக் இன்னும் என்னிடம் இருக்கிறது. யோகராஜிடம் என் பழைய நேக்கட்டும் இருக்கிறது. நாளைக் காலை ஆறே முக்காலுக்கு அவருடைய வீட்டு வாசலில் இரண்டும் நிற்கும். நீங்கள் நாலு பேர். இரண்டு பேர் ஓட்ட வேண்டும், இரண்டு பேர் பின்னால் ஒரு பக்கமாக உட்கார வேண்டும். பெண் பிள்ளைகள் சேலை கட்டிக்கொண்டு வாருங்கள். ஆண் பிள்ளைகளுக்குச் சாரம் நான் கொண்டுவருகிறேன், வெள்ளைக் கோடு போட்ட நீலச் சாரமும் அதில் ஒன்று. கொப்பிப் பை இரண்டு தயாராக இருக்கிறது. வளைவில் பயம் வந்தால் வெட்கப்படாமல் இறங்கி நடங்கள், நானும் நடந்தவன்தான். திரும்பும்போது பைக்கை மாற்றிக்கொள்ள வேண்டும்.

போய்ச் சேர வேண்டிய இடம் அதே பள்ளிக்கூடம். யாழ்ப்பாணத்து அதிபர் எப்போதோ ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். அலுவலக மேசையில் பழைய வரவுப் புத்தகம் ஒன்றில் உங்கள் நாலு பேருக்கும் இடம் விட்டு வைத்திருப்பதாக இப்போதைய அதிபர் போனில் சொன்னார். யாருக்காகவும் காத்திருக்க மாட்டேன் என்றும் சொன்னார். புஷ்பலதா டீச்சர் சொன்னால் சொன்னதுதான். ஏழரைக்கு அடிமட்டத்தை வைத்துச் சிவப்புக் கோடு கீறிவிடுவார்.